தமிழரசுக் கட்சியின் தலைமைப் போட்டிகள்: கிழக்கிலிருந்து பார்த்தால்

வாவிக்கரையான் | மட்டக்களப்பு

தமிழரசுக் கட்சியின் தலைமைச் சண்டை பற்றிக் கதை தொடங்கினால் எல்லாரும் 2024 ஜனவரி 21இல்தான் போய் நிற்கிறார்கள். திருகோணமலை நகர மண்டபம், இரகசிய வாக்கெடுப்பு, சிறீதரனுக்கு 184, சுமந்திரனுக்கு 137. மூன்றாவதாக நின்ற எங்கட யோகேஸ்வரன் வாக்கெடுப்புக்கு முன்னமே ஒதுங்கிக்கொண்டார். பிறகு, வாக்களித்த பொதுச்சபை யாப்புப்படி அமையவில்லை என்று வழக்கு. இது எல்லாருக்கும் தெரிந்த கதை.

நான் கேட்பது அதற்கு முந்திய கதையை. 1949 டிசம்பர் 18இல் மருதானையில் தொடங்கின கட்சி. 74 வருஷத்துக்குப் பிறகுதான் தலைவர் பதவிக்கு முதல் தடவையாகப் பெட்டி வைத்து வாக்குப் போட்டது. அதுவரை எப்படி நடந்தது? கட்சியைத் தொடங்கின தந்தை செல்வா (செல்வநாயகம்) இருக்கும்வரை அவர்தான் எல்லாருக்கும் மேலே. தலைவர் பதவியில் வன்னியசிங்கம், திருகோணமலை இராஜவரோதயம், எங்கட பட்டிருப்பு இராசமாணிக்கம் எல்லாரும் இருந்திருக்கிறார்கள். ஆனால் பதவியில் யார் இருந்தாலும் கடைசிச் சொல் செல்வாவுடையது. அவர் மேல் எல்லாருக்கும் நம்பிக்கை இருந்ததால் அந்த முறை ஓடியது.

பெரிய முடிவுகளை உறுப்பினர் முன் வைக்கும் பழக்கம் இந்தக் கட்சிக்கு இல்லாமல் இல்லை. 1957 யூலை 26இல் பண்டா–செல்வா ஒப்பந்தம் கைச்சாத்தானது. அடுத்த நாட்களிலேயே மட்டக்களப்பில் மாநாடு கூட்டி அங்கீகாரம் வாங்கினார்கள். நாட்டின் பிரதமரோடு செய்த ஒப்பந்தத்தையே எங்கட ஊரில் உறுப்பினர் முன் வைத்துக் கேட்ட கட்சி, தன் தலைவர் யார் என்பதை மட்டும் பெரியவர்கள் இருந்து பேசி முடிப்பதாக வைத்துக்கொண்டது.

என் நிலைப்பாடு இதுதான்: 2024இல் போட்டி வந்தது பிழையில்லை. வாக்களிக்க உரிமை உள்ளவர் யார் என்ற பட்டியலை எல்லாரும் ஒத்துக்கொள்ளாமல் பெட்டியை வைத்ததுதான் பிழை. பல்லாண்டு காலம் போட்டியே இல்லாமல் ஓடின கட்சிக்குப் பட்டியலின் பெறுமதி தெரியவில்லை. உங்கள் கருத்தை எழுதுங்கோ.

படுவான்கரைப் பிள்ளை | கொக்கட்டிச்சோலை

நல்ல இழை. ஒரு கேள்வி. எங்கட வீட்டில் அம்மப்பா எப்பவும் சொல்வது, மட்டக்களப்பான் தலைவராக வர விடமாட்டார்கள் என்று. இராசதுரை கதையைத்தான் உதாரணமாகக் காட்டுவார். அது உண்மையில் என்ன நடந்தது?

ஓய்வுநிலை ஆசிரியர் | ஆரையம்பதி

தங்கச்சி, இராசதுரை கதை நடந்த 1977 தேர்தலில் நான் வாக்களிக்கும் வயதில் இருந்தவன். எழுதுகிறேன்.

செ. இராசதுரை 1956இல் மட்டக்களப்பில் வென்று பாராளுமன்றம் போனார். அதே தேர்தலில்தான் அமிர்தலிங்கமும் வட்டுக்கோட்டையில் வென்று போனார். இரண்டு பேரும் ஒரே காலத்து ஆட்கள், இரண்டு பேரும் மேடையைக் கட்டி ஆளக்கூடியவர்கள். இராசதுரைக்குச் சொல்லின் செல்வர் என்று பட்டமே இருந்தது. 1956இலிருந்து 1977வரை ஒரு பொதுத்தேர்தலிலும் அவர் தோற்கவில்லை. அமிர்தலிங்கம் 1970இல் வட்டுக்கோட்டையில் தோற்றார். 1977 ஏப்ரல் 26இல் செல்வா காலமானபோது, மூப்பும் வெற்றியும் இருக்கிற தங்கட ஆளை ஏன் தலைமைக்கு நினைக்கவில்லை என்ற மனக்குறை மட்டக்களப்பில் இருந்தது. பெட்டி வைக்கவில்லை, பெயர் கேட்கவில்லை. தலைமை அமிர்தலிங்கத்திடம் போயிற்று.

மூன்று மாதம் ஆகவில்லை, யூலை 21 பொதுத்தேர்தல். மட்டக்களப்பு இரண்டு அங்கத்தவர் தொகுதி. தமிழரசுக் கட்சியும் சேர்ந்திருந்த தமிழர் விடுதலைக் கூட்டணியின் உதயசூரியன் சின்னத்தில் இராசதுரை. தமிழரசுக் கட்சியின் வீட்டுச் சின்னத்தில் அமிர்தகழிக் கவிஞர் காசி ஆனந்தன். இரண்டு பேரும் ஒரே அணி, ஒரே கொள்கை. தன்னை வீழ்த்தத்தான் காசி ஆனந்தனைத் தலைமை இறக்கியது என்பது இராசதுரை பக்கத்தாரின் குற்றச்சாட்டு. எங்கட வளவிலேயே பெரியப்பா சூரியச் சின்னம், ஐயா வீட்டுச் சின்னம். எங்கட படலையின் ஒரு தூணில் சூரிய நோட்டீஸ், மற்றத் தூணில் வீட்டு நோட்டீஸ். பின்னேரம் இரண்டு பேரும் ஒரே திண்ணையில் இருந்து வெற்றிலை போடுவார்கள், தேர்தல் கதை மட்டும் எடுக்கமாட்டார்கள். இராசதுரை முதலாவதாக வந்தார். ஐக்கிய தேசியக் கட்சியின் பரீட் மீராலெப்பை இரண்டாவது. காசி ஆனந்தன் தோற்றார்.

1979இல் இராசதுரை அரசாங்கப் பக்கம் போய் அமைச்சரானார். அவர் போனதை நான் நியாயப்படுத்தவில்லை. மக்கள் சூரியனுக்குப் போட்ட வாக்கு அது. ஆனால் தலைமைப் போட்டியைக் கட்சிக்குள் நேருக்கு நேர் நடத்த ஒரு வழி இருந்திருந்தால், அந்தப் போட்டி மட்டக்களப்பு வாக்காளன் தலையில் வந்து இறங்கியிராது. உங்கட அம்மப்பாவின் கோபத்துக்கு வேர் அங்கேதான் இருக்கிறது.

களுவாஞ்சிக்குடியான்

ஐயா சொன்ன 1977 கதையை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கிழக்குக்குத் தலைமை தரவில்லை என்ற பேச்சை அப்படியே விட ஏலாது. இராசமாணிக்கம் எங்கட பட்டிருப்புத் தொகுதி. அவர் கட்சித் தலைவராக இருந்தவர். இராஜவரோதயம் திருகோணமலை. சம்பந்தன் ஐயா திருகோணமலை. அவர் 2014வரை கட்சித் தலைவர், 2024 யூன் 30இல் இறக்கும்வரை தமிழ்த் தேசியக் கூட்டமைப்பின் முகம். இவ்வளவு காலம் கிழக்கான் இருந்த கதிரையை யாழ்ப்பாணத்தான் கதிரை என்று சொல்வது வரலாறு அல்ல.

உண்மையில் இங்கே இருப்பது மட்டக்களப்புக்கும் திருகோணமலைக்கும் இடையிலான போட்டியும்தான். 2024 ஜனவரி 27இல் என்ன நடந்தது? தலைவர் வடக்கு என்றபடியால் பொதுச்செயலாளர் கிழக்கு என்று எல்லாருக்கும் சம்மதம். கிழக்கில் யார் என்று வந்தபோதுதான் பிரச்சினை. திருகோணமலைக்குக் குகதாசன், மட்டக்களப்புக்குச் சிறிநேசன். மண்டபத்தில் சத்தம் கிளம்பி, அடுத்த நாள் நடக்க இருந்த மாநாடே ஒத்திப்போனது. அதில் யாழ்ப்பாணத்தைக் குறை சொல்லி என்ன பயன்?

வாவிக்கரையான் | மட்டக்களப்பு

களுவாஞ்சிக்குடி அண்ணன், நான் மாவட்டக் கணக்குப் பார்க்க இந்த இழையைத் தொடங்கவில்லை. நீங்கள் சொன்னது என் வாதத்துக்குத்தான் பலம். தலைவர் ஒரு மாகாணம், செயலாளர் மற்ற மாகாணம் என்று பங்கு போடுவது போட்டியைத் தவிர்க்கக் கண்டுபிடித்த வழி. 2014இல் வவுனியாவில் மாவை சேனாதிராசா அண்ணனைத் தலைவராக்கி, எங்கட துரைராசசிங்கத்தைப் பொதுச்செயலாளராக்கியதும் அந்தக் கணக்குத்தான். பங்கு சரியாக விழும்வரை எல்லாம் சுமுகம். ஒரு பங்குக்கு இரண்டு பேர் வந்தவுடன் தீர்க்க வழி தெரியாது. அதுதான் 27ஆம் திகதி நடந்தது.

இன்னொன்று. தலைமைத் தகராறு நீதிமன்றம் போனால் என்ன ஆகும் என்பது இவர்களுக்குப் புதிதில்லை. தமிழர் விடுதலைக் கூட்டணியில் அதன் தலைவர் ஆனந்தசங்கரிக்கும் மற்றவர்களுக்கும் முரண்பாடு முற்றி வழக்கானது. உதயசூரியன் சின்னம் கைவிட்டுப் போனது. அதனால்தான் 2004 தேர்தலில் கூட்டமைப்பு வீட்டுச் சின்னத்தைக் கையில் எடுத்தது. அந்தத் தேர்தலில் 22 ஆசனம். இன்றைக்கு வீட்டுச் சின்னம் இவ்வளவு பலமாக நிற்பதற்கே ஒரு தலைமை வழக்குத்தான் காரணம். அதைக் கண்ணால் கண்டவர்கள் பொதுச்சபைப் பட்டியலில் கேள்வி எழும்ப இடமே விட்டிருக்கக் கூடாது.

தம்பிலுவில் தம்பி

அம்பாறையை எல்லாரும் மறந்துவிட்டீர்கள். தலைமைப் போட்டி என்றால் தலைவர் கதிரை மட்டுமில்லை. 2020ஐ நினைத்துப் பாருங்கோ.

அந்தப் பொதுத்தேர்தலில் கருணா அம்பாறையில் வந்து நின்றார், தமிழ் வாக்குப் பிரிந்தது. மாவட்டத்தில் ஒரு தமிழ்ப் பிரதிநிதியும் தெரிவாகவில்லை. கூட்டமைப்புக்குக் கிடைத்த ஒரேயொரு தேசியப்பட்டியல் இடத்தை நாவிதன்வெளிக் கலையரசனுக்குக் கொடுத்தார்கள். எங்களுக்கு அது பெரிய ஆறுதல். ஆனால் யாழ்ப்பாணத்தில் தோற்றிருந்த தலைவர் மாவைக்குத் தெரியாமல் செயலாளர் பெயரை அனுப்பிவிட்டார் என்று கட்சிக்குள் பெரும் குழப்பம். சில மாதத்தில் துரைராசசிங்கம் செயலாளர் பதவியை விட்டு விலகினார். அம்பாறைக்கு நியாயம் கிடைத்தது, கிடைத்த விதம் கட்சியை இரண்டாக்கியது. தலைவர் பெரிதா செயலாளர் பெரிதா, தேசியப்பட்டியலை முடிவெடுப்பது எந்தக் குழு என்பது எல்லாருக்கும் தெளிவாக இருந்திருந்தால் அந்த ஒரு இடத்துக்காக இவ்வளவு புண்பட்டிருக்கத் தேவையில்லை.

வாவிக்கரை அண்ணன் சொல்வதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கோ: பட்டியல் மட்டும் போதாது, அதிகாரம் யாருக்கு எவ்வளவு என்பதும் எழுத்தில் இருக்கவேண்டும்.

கரையோர வாசகன் | அக்கரைப்பற்று

நான் முஸ்லிம் காங்கிரஸ் குடும்பத்தில் வளர்ந்தவன். உங்கட கட்சி விசயத்தில் தலையிடுவதாக நினைக்கவேண்டாம், பக்கத்து வளவுக்காரன் என்ற முறையில் எழுதுகிறேன்.

1981இல் காத்தான்குடியில் பிறந்த கட்சி எங்கடது. அதைத் தொடங்கின அஷ்ரப் சேர் இருக்கும்வரை தலைமைக்கு யாரென்ற கேள்வியே கிடையாது. 2000 செப்டெம்பர் 16இல் அரநாயக்கவில் ஹெலிகொப்டர் விழுந்த அன்றைக்கே அந்தக் கேள்வி பிறந்துவிட்டது. முதலில் அவருடைய மனைவி பேரியல் அஷ்ரபும் ரவூப் ஹக்கீமும் இணைத்தலைவர்கள் என்று ஒரு ஏற்பாடு. அது நிலைக்கவில்லை. பிறகு அதாவுல்லாஹ் எங்கட ஊரை மையமாக வைத்துத் தனிக் கட்சி கண்டார். ரிஷாட் பதியுதீன் இன்னொரு பக்கம். கிழக்கில் பிறந்த கட்சிக்குக் கண்டியிலிருந்து தலைமை என்ற குறை கல்முனைப் பக்கத்தில் இன்னும் பேசப்படுகிறது. நிந்தவூர் ஹசன் அலி பொதுச்செயலாளராக இருந்த காலத்தில் அவருடைய அதிகாரங்களைக் குறைத்ததில் கிளம்பின தகராறும் அவர் கட்சியை விட்டுப் போவதில்தான் முடிந்தது.

எங்கட ஆக்களுக்குத் தலைமையில் மாற்றம் வேணும் என்றால் கட்சிக்குள் கேட்க வழி குறைவு, வெளியே போய்ப் புதுச் சின்னம் எடுப்பது சுலபம். அதனால் ஒவ்வொரு தலைமைப் போட்டியும் ஒரு புதிய கட்சியாக முடிந்தது. அம்பாறையில் ஒரே ஊருக்குள் மூன்று சின்னத்துக்கு வாக்குப் பிரிவது அதனால்தான். சிறீதரனும் சுமந்திரனும் வழக்குக்குப் பிறகும் ஒரே கட்சிக்குள் இருக்கிறார்கள். அதை நான் நல்ல அறிகுறியாகத்தான் பார்க்கிறேன்.

வாவிக்கரையான் | மட்டக்களப்பு

அக்கரைப்பற்று நானா, தலையிடுவது என்ன கதை. இந்த ஒப்பீடு இல்லாமல் இழை நிறைவாகாது. அஷ்ரப் இல்லாத காங்கிரஸ், செல்வா இல்லாத தமிழரசு, இரண்டிலும் ஒரே பள்ளம்.

கோட்டைமுனைக்காரன்

மன்னிக்கவேணும், நான் இதில் மாறுபடுகிறேன். எங்கட சனத்துக்கு இன்றைக்குக் கட்சிக்குள் தேர்தல் தேவையா? காணிப் பிரச்சினை, மயிலத்தமடு மேய்ச்சல் தரை, காணாமல் ஆக்கப்பட்டோர் குடும்பங்கள், இவ்வளவும் கிடக்க, 2024 முழுக்க வழக்கும் அறிக்கையுமாகப் போயிற்று. ஜனாதிபதித் தேர்தலில் கட்சி சஜித் பிரேமதாசவுக்கு ஆதரவு என்றது. அதே கட்சியின் எங்கட அரியநேத்திரன் தமிழ்ப் பொது வேட்பாளராக நின்று 226,343 வாக்கு எடுத்தார், தலைவராகத் தெரிவான சிறீதரன் அவர் பக்கம் நின்றார். ஒரே வீட்டுச் சின்னத்துக்குள் இரண்டு வழி. செல்வா காலத்தில் பெரியவர்கள் கூடி முடிவெடுத்தால் எல்லாரும் அடங்கினார்கள். அந்த மரியாதையை இழந்ததுதான் பிரச்சினை, பெட்டி இல்லாதது அல்ல.

ஓய்வுநிலை ஆசிரியர் | ஆரையம்பதி

தம்பி, உங்கட ஆதங்கம் எனக்கு விளங்குது. ஆனால் அடங்கினார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள், அது சரியில்லை. இராசதுரை அடங்கவில்லை. 1977இலேயே பொத்துவில் தொகுதியில் கூட்டணியில் வென்ற கனகரத்தினம் அதே வருஷம் அரசாங்கப் பக்கம் போனார். உள்ளே கேட்க வழி இல்லாதவர்கள் அன்றைக்கும் வெளியே போனார்கள்.

பெட்டி வைத்தால் பிளவு வரும் என்று பயப்படுகிறவர்களுக்கு எங்கட ஊர்ச் சம்பவம் ஒன்று சொல்கிறேன். எங்கட கிளைக்குத் தலைவர் தெரிவு. இரண்டு பேருக்கு ஆசை, இரண்டு பேருக்கும் ஆதரவு. வாசிகசாலையில் கூடினோம். ஒரு ஓய்வுபெற்ற அதிபர்தான் தலைமை தாங்கினார். அவர் முதலில் உறுப்பினர் பதிவேட்டை எடுத்து ஒவ்வொரு பெயராகச் சத்தமாக வாசித்தார். சந்தா கட்டாதவர் யார், ஊரைவிட்டுப் போனவர் யார், இறந்தவர் யார் என்று அந்த இடத்திலேயே கேட்டுப் பென்சிலால் கோடு போட்டார். இரண்டு வேட்பாளரையும் கூப்பிட்டு, இந்தப் பட்டியலில் ஆட்சேபனை இருந்தால் இப்போதே சொல்லுங்கோ, வாக்கெண்ணின பிறகு கேட்கமாட்டேன் என்றார். இரண்டு பேரும் பதிவேட்டின் அடியில் ஒப்பம் வைத்தார்கள். அதற்குத்தான் நேரம் போனது. பிறகு கொப்பித் தாளைக் கிழித்து மடித்து, மாப்பால் டின்னுக்குள் போட்டு எண்ணுவது கொஞ்ச நேர வேலை. தோற்றவர் எழும்பி வென்றவருக்குக் கை கொடுத்தார். அவரையே செயலாளராக்கினோம். கிளை உடையவில்லை.

படுவான்கரைப் பிள்ளை | கொக்கட்டிச்சோலை

இதைத்தான் எதிர்பார்த்தேன் ஐயா. ஒப்பத்தை வாக்கெடுப்புக்கு முதலே வாங்கியது பெரிய விசயம். திருகோணமலை வழக்கில் முக்கியமான வாதமும் பொதுச்சபை யாப்புப்படி அமையவில்லை என்பதுதானே?

வாவிக்கரையான் | மட்டக்களப்பு

ஓம் தங்கச்சி, அதுதான். யாப்புக்கு மாறாகப் பொதுச்சபை கூடியது, அதனால் தெரிவு செல்லாது என்று கட்சி உறுப்பினரே வழக்குப் போட்டார். 2024 பெப்ரவரியில் இடைக்காலத் தடை வந்தது. 184 வாக்கு எடுத்தவரால் பதவியேற்க முடியவில்லை, மாவை அண்ணன் தொடர்ந்து தலைவராக இருந்தார். டிசம்பர் கடைசியில் சீ.வீ.கே. சிவஞானம் பதில் தலைவர். 2025 ஜனவரி 29இல் மாவை காலமானார். அடுத்த மாதம் சுமந்திரன் பதில் பொதுச்செயலாளர். இப்போது பங்கு முறைகூட இல்லை. தலைவர், செயலாளர் இரண்டு பதவியும் வடக்கில், இரண்டுமே பதில்.

கோட்டைமுனை அண்ணனுக்கு ஒரு கணக்கு. இவ்வளவு சண்டைக்கும் நடுவே 2024 நவம்பர் 14 பொதுத்தேர்தல் வந்தது. நாடு முழுக்கத் தேசிய மக்கள் சக்தி அலை. யாழ்ப்பாண மாவட்டத்திலேயே அவர்களுக்கு 3 ஆசனம், தமிழரசுக்கு 1. 22 தேர்தல் மாவட்டத்தில் அவர்கள் முதலாவதாக வராத ஒரேயொரு மாவட்டம் மட்டக்களப்பு. வீட்டுச் சின்னத்துக்கு இங்கே 96,975 வாக்கு, 3 ஆசனம். சாணக்கியனுக்கு மட்டும் 65,458 விருப்பு வாக்கு. அம்பாறையில் கோடீஸ்வரன் வென்றார். கட்சிக்கு அந்தத் தேர்தலில் கிடைத்த 8 ஆசனத்தில் பாதி இந்த இரண்டு மாவட்டமும் கொடுத்தது. திருகோணமலையையும் சேர்த்தால் 5.

கட்சியைத் தாங்கி நிற்கிற இடத்திலிருந்து கேட்கிறேன். தலைமைப் பதவியை இனாமாகத் தாங்கோ என்று கேட்கவில்லை. மட்டக்களப்பான் ஒருவன் நின்றால் தோற்கட்டும், வெல்லட்டும். எந்தக் கிளைக்கு எத்தனை பேராளர், அவர்கள் யார், அந்தப் பட்டியல் எங்கே என்று வாக்கெடுப்புக்கு முதலே எங்களுக்குத் தெரியவேண்டும். இது எங்கட உரிமை.

களுவாஞ்சிக்குடியான்

5 ஆசனக் கணக்கைப் பார்த்தால் மறுப்பதற்கில்லை. ஆனால் ஆசனத்தை வைத்துப் பேராளர் தொகையைக் கேட்கப் போனால் வன்னிக்காரரும் யாழ்ப்பாணத்தாரும் கேட்பார்கள், தேர்தலுக்குத் தேர்தல் மாறும் கணக்கு அது. தொகுதிக் கிளையை அடிப்படையாக வைப்பதுதான் நிலையானது. அதற்கு முதல் கிளைகள் உயிரோடு இருக்கவேண்டும். எங்கட பக்கத்தில் எத்தனை கிளை ஒழுங்காகக் கூடுகிறது?

தம்பிலுவில் தம்பி

அண்ணன் சொல்வது சரி. அம்பாறையில் தமிழ்க் கிராமங்கள் துண்டு துண்டாகக் கிடக்கின்றன. பொத்துவில், திருக்கோவில், ஆலையடிவேம்பு, காரைதீவு, நாவிதன்வெளி, கல்முனை வடக்கு. தொகுதிக் கிளை என்று ஒன்றை வைத்தால் பக்கத்தில் உள்ளவன் மட்டும்தான் கூட்டத்துக்கு வருவான். எங்களுக்குப் பிரதேச செயலகப் பிரிவுக்கு ஒரு கிளை வேண்டும்.

கோட்டைமுனைக்காரன்

தேர்தல் வேண்டாம் என்ற என் கருத்து அப்படியே இருக்கிறது. ஆனால் பதிவேடு வேண்டும் என்பதில் உங்களோடு நிற்கிறேன். தேர்தல் நடந்தாலும் நடக்காவிட்டாலும் கட்சிக்கு உறுப்பினர் யார் என்று தெரியத்தானே வேணும். நகரக் கிளைக் கூட்டத்தில் இதைக் கேட்க நான் தயார்.

வாவிக்கரையான் | மட்டக்களப்பு

அப்படியென்றால் ஒன்று செய்வோம். ஆசிரியர் ஐயா சொன்ன மாதிரி, பதிவேட்டை வாசித்துத் திருத்தி ஒப்பம் வாங்குவதை ஒவ்வொருவரும் தங்கட கிளையில் முன்மொழியுங்கோ. பேராளர் பட்டியல் வாக்கெடுப்புக்கு ஒரு மாதமாவது முன்னம் எல்லாக் கிளைக்கும் எழுத்தில் வரவேண்டும் என்று மாவட்டக் கிளைக்குக் கடிதம் ஒன்று நான் எழுதுகிறேன். தம்பிலுவில் தம்பி, பிரதேச செயலகப் பிரிவு விசயத்தை நீங்கள் ஒரு பந்தியாக எழுதித் தாருங்கோ, அதையும் சேர்க்கிறேன்.

தம்பிலுவில் தம்பி

எழுதித் தாறன் அண்ணன். ஆலையடிவேம்புப் பக்கத்து ஆக்களிடமும் கேட்டுவிட்டு ஞாயிற்றுக்கிழமைக்குள் இதே இழையில் போடுகிறேன்.

ஓய்வுநிலை ஆசிரியர் | ஆரையம்பதி

கடிதம் எழுதும்போது செயலாளரின் அதிகாரம், தேசியப்பட்டியல் முடிவு இரண்டையும் விடாமல் சேர்க்கவேணும் தம்பி. 2020 திரும்ப வரக்கூடாது. வரைபை இங்கே போடுங்கோ, எழுத்துப் பிழை பார்த்துத் தருகிறேன்.